தோற்றுப் போன கண்ணாடி

எங்கள் தெருமுனையில், வேப்பமர நிழலில், ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. இன்னமும் கரி போட்டுத் தேய்க்கிற பெட்டிதான். சில நாட்களுக்கு முன் நான் அந்த வண்டியண்டை போனபோது கையில் துணி மூட்டை இல்லை. சுவரில் மாட்டும் படம் ஒன்றிலிருந்து கழற்றிய வெறும் கண்ணாடி இருந்தது.

"என்ன சார், கண்ணாடிக்கும் இஸ்திரி போடணுமா?" என்று சிரித்தார் இஸ்திரிக்காரர்.

பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டினேன். அனல் அடித்தது. கைக்கும் பெட்டிக்கும் நடுவே கண்ணாடியைப் பிடித்தேன். யாரோ கதவைச் சாத்தினாற்போல் அனல் நின்றது. அப்புறம் நிழலை விட்டு வெளியே வந்து, அதே கண்ணாடியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி இருப்பதையே லட்சியம் செய்யாமல் வெயில் உள்ளங்கையில் சுட்டது.

இஸ்திரிக்காரர் கண்ணாடியை வாங்கித் தாமும் இரண்டு தரம் செய்து பார்த்தார். "வெயிலை விடுது, நெருப்பை விடமாட்டேங்குது. கண்ணாடியும் ஆள் பார்த்துத்தான் கதவைத் திறக்கும் போல இருக்கு, சார்" என்றார்.

இந்த விஷயத்துக்காக நான் நாலைந்து புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஒன்றிலாவது இவ்வளவு கச்சிதமாகச் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடியின் இந்தப் பாரபட்சத்தையும், அந்தப் பாரபட்சம் குறைந்த வேறொரு கண்ணாடியின் கதையையும்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது பிறந்தது தற்செயலாக. வளர்ந்தது ராஜகுமாரனைப் போல. பட்டாபிஷேகத்துக்கு நாள் குறித்த சமயத்தில் ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று. இதுவரையில் நமக்குத் தெரிந்த பழைய கதைதான். அதற்கு அப்புறம் நடந்ததுதான் கதை எழுதுகிறவனான என்னை இழுத்தது.

கண்ணுக்குத் தெரியாத அனலும் ஒளியின் வம்சத்தைச் சேர்ந்ததுதான் என்று உலகத்துக்குக் காட்டியவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் ஹானோவரில் பிறந்தவர்; இங்கிலாந்துக்கு வந்து சங்கீதத்தால் பிழைத்தவர்; ராத்திரி வேளைகளில் தாமே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கிகளால் வானத்தைத் துழாவியவர். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். 1800-ல், தம் அறுபத்தோராவது வயதில், சூரியனைப் பார்ப்பதற்காக வர்ணக் கண்ணாடிகளைச் சோதித்துக் கொண்டிருந்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஹெர்ஷல் ஒரு பட்டகத்தால் வெயிலை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவில் சூடு குறைவு, பச்சையில் கூடுதல், சிவப்பில் அதற்கும் கூடுதல். பிறகு, சிவப்புக்கு அப்பால், ஒரு நிறமும் விழாத வெறும் மேஜையின் மேல் வைத்தார். அங்கே பாதரசம் சிவப்பில் ஏறியதைவிடவும் உயர ஏறியது.

அந்த வெறும் மேஜைக்குத்தான் இன்று அகச்சிவப்பு என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை நீளம் சுமார் 0.4-லிருந்து 0.7 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பைத் தாண்டி இரண்டு இரண்டரை மைக்ரான் வரையில் நம் ஜன்னல் கண்ணாடி வழிவிடும். வெயிலின் சக்தியில் மிகப் பெரும் பங்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் அனலோ அதற்கு அப்பால் உள்ளது. நடு அகச்சிவப்பு என்று விஞ்ஞானிகள் சொல்லும் அந்தப் பிரதேசத்தின் வாசலில் கண்ணாடி கதவைச் சாத்திவிடுகிறது.

ஏன் சாத்துகிறது? வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தந்தியை இழுத்துக் கட்டினால் உச்சத்தில் பேசும். தடித்த தந்தியைத் தளர்த்திக் கட்டினால் மந்தரத்தில் பேசும். சாதாரணக் கண்ணாடி மணலிலிருந்து வருகிறது. மணலில் இருப்பது சிலிகானும் பிராணவாயுவும். இரண்டும் இலேசான அணுக்கள். அவற்றின் பிணைப்போ முறுக்கேறிய தந்தி. இரண்டரை மைக்ரானைத் தாண்டியதுமே அந்தத் தந்திகள் ஒளியோடு சேர்ந்து அதிரத் தொடங்கி, அதை விழுங்கிச் சூடாக மாற்றிவிடுகின்றன. கனமான அணுக்களைத் தளர்வான பிணைப்பால் கட்டிய கண்ணாடி ஒன்று இருந்தால், அது மந்தரத்தில்தான் அதிரும். அதாவது, இன்னும் நீண்ட அலைகளுக்கும் வழிவிடும். நினைப்பதற்கு எளிது. அப்படி ஒரு கண்ணாடியைச் செய்வதற்கு வழிதான் தெரியவில்லை.

கண்ணாடியை இப்போது இழையாக்குவோம். நூலைப் போல் இழுத்த கண்ணாடிக்குள் சாய்வாக நுழைந்த ஒளி, சுவரில் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே திரும்பி, இழை வளைந்தால் தானும் வளைந்து மறுகோடியில் வெளிவரும். ஒளி நேர்கோட்டில்தான் போகும் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னதைக் கேட்டு, அதை எப்படியாவது பொய்யாக்க வேண்டும் என்று அப்போதே தமக்குத் தோன்றியதாக நரீந்தர் சிங் கபானி பிற்காலத்தில் சொன்னதுண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை ஒன்றின் வழியே உருவத்தை அனுப்பிக் காட்டி, 1954 ஜனவரியில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். வாத்தியார் சொன்னதை முழுக்க நம்பாத பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கடன்பட்டிருக்கிறது.

அடுத்து லேசர். விளக்கின் ஒளி சந்தைக் கூட்டம். லேசரின் ஒளி பஜனை கோஷ்டி. ஒரே தாளம், ஒரே திசை. 1960 மே 16-ந் தேதி அமெரிக்காவில் தியோடோர் மைமன் கெம்புக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். மறு வருஷமே, கல்லுக்குப் பதில் கண்ணாடியிலிருந்தே எடுத்துக் காட்டினார் ஈலியஸ் ஸ்னிட்ஸர்.

இந்த ஸ்னிட்ஸரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலம். விசாரணைக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் அவருடைய கல்லூரி உத்தியோகம் போயிற்று. கடைசியில், மாஸசூஸெட்ஸில் மூக்குக் கண்ணாடி வியாபாரத்துக்குப் பெயர்போன அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்லூரியிலேயே இருந்திருந்தால் கண்ணாடிப் பக்கம் அவர் திரும்பியிருப்பாரோ என்னவோ! நியோடிமியம் என்ற அபூர்வ மண் உலோகத்தைக் கண்ணாடியில் கலந்து, 1961-ல் அதை லேசராக்கினார். பிறகு அந்தக் கண்ணாடியை ஒரு மீட்டர் நீள இழையாக்கி, ஸ்பிரிங்கைப் போல ஒரு மின்வெட்டு விளக்கைச் சுற்றி வளைத்து, உள்ளே போன ஒளி ஏறக்குறைய ஐம்பதாயிரம் மடங்கு பெருகி வெளிவருவதைக் காட்டினார். கெஸ்டர் என்ற சகாவோடு சேர்ந்து 1964-ல் அதை வெளியிட்டார். ஒளியைக் கொண்டு போகிற வாய்க்கால், ஒளியைப் பெருக்குகிற ஊற்றாகவும் ஆயிற்று. ஆனால் உலகம் அதைச் சட்டென்று மறந்துவிட்டது. காரணம், எல்லோருடைய கண்ணும் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

திருப்பியவர் சார்லஸ் காவோ. ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்தவர். 1966-ல், ஹாக்கம் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: கண்ணாடி இழை வழியே டெலிபோன் பேச்சை ஒளியாக அனுப்பலாம், ஒரு கிலோமீட்டர் போன பின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் கூடப் போதும். அன்றைய கண்ணாடியில் அந்த ஒரு பங்குகூட மிஞ்சாது. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி அந்த எல்லையைத் தாண்டியது. 1979-ல் ஜப்பானியர் செய்த மணல் கண்ணாடி இழையில், ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு மிஞ்சியது.

அதற்கு மேல் போக முடியவில்லை. அலை நீளம் கூடக் கூட ஒளி சிதறுவது குறைகிறது. இரட்டித்தால் சிதறல் பதினாறில் ஒன்றாகிவிடும். ஆகவே நீண்ட அலைக்குப் போவதே புத்தி. ஆனால் போனால், நாம் மேலே பார்த்த வீணைத் தந்திகள் அதிரத் தொடங்கிவிடும். சிதறலுக்கும் விழுங்கலுக்கும் நடுவே, 1.55 மைக்ரானில் ஒரு பள்ளத்தாக்கு. மணல் கண்ணாடிக்கு அதுதான் உச்ச வரம்பு. அதையும் வெல்ல வேண்டுமானால் வேறு கண்ணாடி வேண்டும்.

அந்த வேறு கண்ணாடி ஏற்கெனவே பிறந்திருந்தது. இதற்காக அல்ல, யாரும் அதைத் தேடவும் இல்லை.

பிரான்ஸில் மேற்கே பிரிட்டனி என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அதன் தலைநகர் ரென். அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் ஜாக் லூக்கா என்ற ரசாயன நிபுணரும், மார்ஸெல், மிஷெல் என்ற பூலேன் சகோதரர்களும் ஆராய்ச்சி செய்து வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது படிகம். லேசருக்கு உதவக் கூடிய புதிய படிகங்களைத் தேடி, ஸிர்கோனியம், பேரியம், சோடியம் ஆகியவற்றின் புளோரைடு உப்புகளோடு கொஞ்சம் நியோடிமியத்தையும் சேர்த்துச் சூடாக்கினார்கள். 1974-ஆம் வருஷம். உருகி ஆறியதில் படிகத்துக்கான அடையாளம் இல்லை. பளிச்சென்று, ஊடுருவிப் பார்க்கக் கூடிய துண்டுகளாக ஏதோ இருந்தது. சோதித்தால், கண்ணாடி!

கண்ணாடி என்பது எந்தப் பொருளில் உண்டாகும், எதில் உண்டாகாது என்று 1932-ல் ஸக்கரியாஸன் என்ற அறிஞர் சில விதிகள் சொல்லியிருந்தார். அந்த விதிகளைப் படித்தவர்கள் ஸிர்கோனியம் புளோரைடிலிருந்து கண்ணாடியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். புளோரைடில் கண்ணாடி ஆகக் கூடியது என்று தெரிந்திருந்தது பெரில்லியம், அதுவோ விஷம். ஆகவே ரென் நகரத்துத் துண்டுகளைக் கெட்டுப் போன படிகம் என்று குப்பையில் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் போடவில்லை. 1975-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். 1977-ல், அந்தக் கண்ணாடியைச் செய்து விற்பதற்கென்றே ரென்னையொட்டி ஒரு சிறு தொழிற்சாலையும் தொடங்கிற்று. பெயர் 'லெ வெர் புளுவோரே'. 'புளோரைடு கண்ணாடி' என்பதுதான் அதன் அர்த்தம். பெயர் வைப்பதில்கூட அவர்கள் வீண் ஆடம்பரம் செய்யவில்லை.

பிற்பாடு லாந்தனமும் அலுமினியமும் சேர்ந்தன. ஐந்து உலோகங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, அந்தக் கலவையை 'ஸிப்ளான்' என்று அழைக்கலானார்கள். கனமான அணுக்கள், தளர்ந்த பிணைப்பு, மந்தர ஸ்தாயி. இழையாக்கினால் நாலு மைக்ரான் வரையில் வழிவிடும் கண்ணாடி.

டெலிபோன்காரர்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். மணல் இழையில் நூறு கிலோமீட்டர் போனால் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்தப் புதுக் கண்ணாடியில், இரண்டரை மைக்ரான் அலையில், அதே ஒரு பங்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் மிஞ்சும் என்று கணக்கு சொல்லிற்று. அதைவிடவும் நன்றாக இருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் அடியில் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஓர் இயந்திரம் வைத்து, தளர்ந்த ஒளியைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்த காலம் அது. அந்த இயந்திரம் ஒன்றுமே இல்லாமல் கரையிலிருந்து கரைக்கு ஒரே இழை! இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் என்று எல்லாத் தேசங்களிலும் டெலிபோன் ஆராய்ச்சிசாலைகள் புளோரைடு உப்பை உருக்கத் தொடங்கின. ராஜகுமாரனுக்கு யானையும் சேனையும் வந்து சேர்ந்தன.

வந்து சேராதது ஒன்றுதான்: பதம்.

சர்க்கரைப் பாகு காய்ச்சிய அனுபவம் உள்ளவர்களுக்குச் சொன்னால் புரியும். பதம் தப்பினால் பாகு பூத்துப் போகும். தெளிவாக இருந்தது திடீரென்று பொடிப் பொடியாக உறைந்துவிடும். மணல் கண்ணாடியை ஏறக்குறைய இரண்டாயிரம் டிகிரியில், நிதானமாக, கிலோமீட்டர் கணக்கில் இழுக்கலாம். புளோரைடு கண்ணாடியை முந்நூறு டிகிரியைச் சுற்றியே இழுக்க வேண்டும். சில டிகிரி கூடினால் தண்ணீராக ஓடும். அந்தச் சூட்டில் சற்றுத் தாமதித்தால் பூக்கும். பூத்த ஒவ்வொரு பொடியும் ஒளியைச் சிதற அடிக்கும். உப்பில் இரும்பு, தாமிரம் என்று கோடியில் சில பங்கு அழுக்கு இருந்தாலும் கணக்கு கெட்டது. எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் கண்ணாடிக்குத் தண்ணீர் ஆகாது. ஈரக் காற்றுப் பட்டால் மேல்தோல் கெட்டு, இழை பலவீனப்பட்டு ஒடிந்துவிடும். சமுத்திரத்தின் அடியில் போட வந்த கண்ணாடிக்குத் தண்ணீர் ஆகாது என்றால், அதை விதி என்பதா, வேடிக்கை என்பதா?

பத்து வருஷத்துக்கு மேல் போராடினார்கள். கடைசியில் எட்டிய மிகச் சிறந்த இழையில் ஒளி இழப்பு, மணல் இழையைப் போல் இரண்டு மடங்கு. அதுவும் நூறு மீட்டர்கூட இல்லாத துண்டுகளில்.

இத்தனைக்கும் நடுவில் 1987-ல் இன்னொன்று நடந்தது. ஸ்வீடனில் இட்டர்பி என்று ஒரு சிற்றூர். அங்கே தோண்டிய மண்ணிலிருந்து கிடைத்த நாலு உலோகங்களுக்கு அந்த ஊரின் பெயரையே உடைத்து உடைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று எர்பியம். இந்த எர்பியத்தை மணல் இழையில் துளி கலந்தால், 1.55 மைக்ரான் ஒளியை, அதே பள்ளத்தாக்கின் ஒளியை, இழைக்குள்ளேயே பெருக்கலாம் என்று இங்கிலாந்தில் ஸௌதாம்ப்டன் சர்வகலாசாலையில் டேவிட் பெய்னின் குழுவும், அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் தெஸுர்வீரும் அவர் சகாக்களும் காட்டினார்கள். ஸ்னிட்ஸர் வளைத்துச் சுற்றிய அந்தப் பழைய ஊற்று மீண்டும் திறந்தது. ஒளி தளர்ந்தால் என்ன? நடு வழியிலேயே அதற்குச் சோறு போட்டு அனுப்பிவிடலாம். இரண்டாயிரம் கிலோமீட்டர் பட்டினியாய் நடக்கக் கூடியவனைத் தேட வேண்டிய அவசியம் தீர்ந்தது.

1988 டிசம்பரில் அட்லாண்டிக்கின் அடியில் முதல் கண்ணாடி இழைக் கம்பி வேலை செய்யத் தொடங்கிற்று. மணல் கண்ணாடி. 1990-களின் நடுவில் எர்பியம் ஊற்றுகளோடு புதிய கம்பிகள் வந்தன. அவையும் மணல் கண்ணாடி. டெலிபோன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் புளோரைடு உலையை அணைத்தன. ராஜ்யம் போயிற்று.

கதையை இங்கே முடித்திருந்தால் அது நாம் தினமும் பார்க்கிற கதை. கலெக்டர் ஆகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்து, ஆகாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள் எந்தத் தெருவில் இல்லை? அவர்களைப் பற்றிக் கடைசியாகப் பேசப்படுவது, அவர்கள் எதில் தோற்றார்கள் என்பதுதான். அதற்கு அப்புறமும் அவர்களுக்கு ஓர் ஆயுசு இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

ஆனால், அதே 1988-ல், இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் மார்ட்டில்ஷம் என்ற இடத்தில், பிரிட்டிஷ் டெலிகாமின் ஆராய்ச்சிசாலையில், பிரையர்லி, ஃபிரான்ஸ் என்ற இருவர் புளோரைடு இழையில் எர்பியத்தைக் கலந்தார்கள். ஆம், ராஜ்யத்தைப் பறித்த அதே எர்பியம். 2.7 மைக்ரானில், இடைவிடாத லேசர் ஒளி வந்தது. சொற்ப ஒளிதான். ஆனால் மணல் கண்ணாடியால் கொடுக்கவே முடியாத ஒளி.

ஏன் முடியாது? எர்பியத்தின் அணுவுக்குள் மூன்று படிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியிலிருந்து தரைக்குக் குதித்தால் 1.55 மைக்ரான் ஒளி; டெலிபோன்காரர்களுக்கு வேண்டியது அது. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்குக் குதித்தால் 2.8 மைக்ரானை ஒட்டிய ஒளி. மணல் கண்ணாடிக்குள் அந்த மேற்படியில் நிற்கவே முடியாது. சுற்றிலும் முறுக்கேறிய தந்திகளின் அதிர்ச்சி அப்படி. குதிப்பதற்குள் உருட்டிவிட்டுவிடும், ஒளி வரவேண்டிய இடத்தில் சூடுதான் வரும். புளோரைடு கண்ணாடியில் அதிர்ச்சி பாதி. அணு படியில் ஆயிரம் மடங்குக்கும் மேலாக நேரம் நின்று, நிதானமாகக் குதிக்கிறது. எந்தத் தளர்ச்சியினால் அந்தக் கண்ணாடி பதம் தப்பிப் பூத்துப் போயிற்றோ, அந்தத் தளர்ச்சிக்கு உறவான குணம்தான் இங்கே அதற்குக் கை கொடுத்தது.

ஆனாலும் ஒரு சிக்கல். குதித்தவர்கள் கீழ்ப்படியை விட்டு நகர மறுத்தார்கள். மேலே இருந்து குதிக்கிறவனுக்கு இடம் இல்லை. ஆகவே லேசர் தானே மூச்சு முட்டி நின்றுவிடும் என்று பயந்தார்கள். விடுதலை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. எர்பியத்தை இன்னும் நெருக்கமாகக் கலந்தால், கீழ்ப்படியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவன் தன் பலத்தை மற்றவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் இறங்குகிறான்; வாங்கிக்கொண்டவன் மறுபடி மேலே ஏறி, மறுபடி குதிக்கிறான். கூட்டம் அதிகமானதால் நெரிசல் குறைந்தது என்றால் நம் ஊர் பஸ்ஸில் யாரும் நம்ப மாட்டார்கள். எர்பியத்தில் அது நடக்கிறது.

இழைக்குள் பலத்தைப் புகுத்துவதற்கும் வழி வேண்டுமே? அதே 1988-ல், போலராய்டு கம்பெனிக்குப் போயிருந்த ஸ்னிட்ஸர் மறுபடி வருகிறார். இழைக்கு ஒரு சட்டைக்குப் பதில் இரண்டு சட்டை போட்டார். வெளிச் சட்டைக்கும் உள்ளிருக்கும் மெல்லிய கருவுக்கும் நடுவில் உள்ள அகலமான இடத்தில், மலிவான, ஒழுங்கில்லாத ஒளியை மொத்தமாக ஊற்றினால், அது போகப் போகக் கருவுக்குள் கசிந்து, அங்கே ஒழுங்கான லேசர் ஒளியாக மாறும். இன்றைய பலசாலி இழை லேசர்கள் பெரும்பாலும் இந்த இரட்டைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் ஏற்றம் மெதுவாக வந்தது. 1999-ல் ஸ்டூவர்ட் ஜாக்ஸனும் சகாக்களும் மூன்று மைக்ரானை ஒட்டி 1.7 வாட் எடுத்தார்கள். 2009-ல் ஜப்பானில் தொகிடாவும் சகாக்களும் இழையைத் திரவத்தால் குளிர்வித்து 24 வாட் எடுத்தார்கள். கனடாவில் கியூபெக் நகரத்து லாவால் சர்வகலாசாலையில் ரேயால் வாலே, மார்ட்டின் பெர்னியே ஆகியவர்களின் குழு, மிக மிகக் குறுகிய லேசர் துடிப்பால் புளோரைடு இழைக்குள்ளேயே நுண்ணிய கோடுகள் கிழித்து, அந்தக் கோடுகளையே கண்ணாடிகளாக்கிற்று. வெளியே ஒரு கருவியும் இல்லாமல், இழைக்குள்ளேயே லேசர் அடங்கிவிட்டது. 2015-ல் அவர்கள் 2.94 மைக்ரானில் 30 வாட் எடுத்தார்கள், 2018-ல் 2.8 மைக்ரானில் 41 வாட்டைத் தாண்டினார்கள். அதே 2018-ல் இண்டியம் புளோரைடு இழையில் ஹோல்மியத்தைக் கலந்து, சாதாரண அறை உஷ்ணத்தில் 3.92 மைக்ரான் ஒளியும் எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன் அந்த ஒளியை எடுக்க இழையைத் திரவ நைட்ரஜனில் குளிர்விக்க வேண்டியிருந்தது. அந்த இண்டியம் இழை எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனியிலிருந்து, 1977-ல் தொடங்கிய அந்தச் சிறு தொழிற்சாலையிலிருந்து.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய கம்பெனிகள் உலையை அணைத்தபோது இவர்களும் அணைத்திருந்தால், வேறு வேலை வந்து கதவைத் தட்டும்போது திறப்பதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஜயித்தவர்களைப் பற்றிச் சரித்திரம் எழுதும்; தோற்றவர்களைப் பற்றிக் கதைக்காரர்கள் எழுதுவார்கள். தோற்ற பிறகும் உலைக்குத் தீ போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

கடைசியாக, தண்ணீரின் சமாசாரம். 2.94 மைக்ரான் என்று மேலே சொன்ன இடம் சும்மா பொறுக்கியது அல்ல. தண்ணீர் மிகத் தீவிரமாக ஒளியை விழுங்கும் இடம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த ஒளி நீரில் ஒரு மைக்ரான் ஆழம் போவதற்குள் பெரும் பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். ஆகவே வைத்தியர் கையில் அந்த ஒளி, பக்கத்துச் சதையைச் சுடாமல், தொட்ட இடத்தை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுக்கும் கத்தி. எர்பியம் படிக லேசரைப் பல் வைத்தியத்தில், பல்லின் மேலேயே பயன்படுத்த 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இழை லேசர் அதே அலையை நூல் போன்ற இழையிலிருந்து கொடுக்கும். மீதேன் வாயு 3.3 மைக்ரானில் கையெழுத்துப் போடுகிறது. கரியமில வாயு 4.26-ல். அந்த அலையில் விளக்கு இருந்தால், காற்றில் கலந்திருப்பது இன்னதென்று படித்துவிடலாம். உஷ்ணத்தைத் தேடி வரும் ஏவுகணைகளின் கண்ணை ஏமாற்றுவதற்கு ராணுவத்தாரும் இந்தப் பிரதேசத்தை நாடுகிறார்கள். மனுஷனுக்கு எது கிடைத்தாலும் ஒரு கையில் மருந்தாகவும் மறு கையில் ஆயுதமாகவும் பிடிப்பது பழக்கம்.

பழைய பகையும் தீரவில்லை. லேசர் வேலை செய்யும்போது காற்றிலுள்ள ஈரம் இழையின் நுனியில் ஊறுகிறது. ஊறிய ஈரம் அந்த ஒளியை விழுங்கிச் சூடாகிறது. சூட்டில் இன்னும் ஈரம் ஊறுகிறது. கடைசியில் நுனி கருகிவிடுகிறது. ஈரத்தை நன்றாகத் தாங்கும் வேறு கண்ணாடியால் நுனிக்குத் தொப்பி போட்டுச் சமாளிக்கிறார்கள். எந்தத் தண்ணீரால் இந்தக் கண்ணாடிக்கு மதிப்போ, அந்தத் தண்ணீராலேயே அதற்கு ஆயுள் பயம்.

அந்தப் பழைய கனவு முழுக்கச் செத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பூத்துப் போவதற்குப் பூமியின் இழுப்புச் சக்தி ஒரு காரணம் என்று, 1990-களிலேயே அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்தில் சோதித்துக் கண்டார்கள். எடை அற்ற நிலையில் சூடாக்கிய ஸிப்ளான் தெளிவாகவே இருந்தது. 2024-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வைத்தே கிலோமீட்டர் கணக்கில் ஸிப்ளான் இழை இழுத்தார்கள். சமுத்திரத்தின் அடியில் போட முடியாததை ஆகாயத்தில் கொண்டு போய் நூற்கிறார்கள். ராஜ்யம் திரும்பி வருமோ, வராதோ. வராவிட்டாலும் இப்போது அதற்குக் குறை ஒன்றும் இல்லை.

நேற்றுத் துணியை எடுத்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனேன். கதை முழுவதையும் சுருக்கிச் சொன்னேன். துணியை விரித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நெருப்பையும் விடற அந்தக் கண்ணாடி எங்கே சார் கிடைக்கும்?"

"பிரான்ஸில் செய்கிறார்கள். விலை ஜாஸ்தி. அதோடு, தண்ணீர் பட்டால் ஆகாது."

"தண்ணி ஆகாதுன்னா நம்ம வண்டிக்குச் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் கையை விட்டு என் சட்டையின் மேல் தண்ணீரைத் தெளித்தார். பெட்டியை வைத்து இழுத்தார். சுர்ரென்று ஆவி எழுந்தது.